ஈரம் காயும் முன்னே எண்ணெய்!

எங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வார்கள், கரப்பான் என்று வாயெடுத்தால் என் பேச்சு லேசில் நிற்காது என்று. நிற்கவே வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். இரவெல்லாம் சொறிந்து சொறிந்து அழுத பிள்ளை, விடியும்வரை அசையாமல் தூங்கி எழுந்து சிரித்தால் அந்தச் சந்தோஷத்தை ஒரு தாயால் மூடி வைத்துக்கொள்ள முடியுமா? அதுவும் அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவை தேங்காய் எண்ணெயும், பழைய வேட்டியும், அரை வாளி நல்ல தண்ணீருமாக இருக்கும்போது! திண்டுக்கல்லில் இவை இல்லாத வீடு உண்டா?

எங்கள் பாப்பாவுக்கு முதலில் கன்னம் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்துச் சுருக்கம் என்று ஒவ்வொன்றாகத் தடித்தது. தோல் சொரசொரப்பாகும், நீர் கசியும், பொருக்குத் தட்டும். தலையணை உறையில் சிறு சிறு ரத்தப் பொட்டுகள் இருக்கும். அப்பத்தா பார்த்த உடனே "கரப்பான்" என்றார். தோல் டாக்டர் "எக்ஸிமா" என்றார். ஏன் வருகிறது என்று அவர் விளக்கியதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. இந்தப் பிள்ளைகளின் தோலில் ஈரம் தங்காது, கசியும் மண்பானைதான். ஈரம் வெளியே போகும், அழுக்கும் கிருமியும் எரிச்சல் தரும் பொருள்களும் உள்ளே புகும். தோலைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் பிலாக்ரின் என்ற புரதம் பலருக்குப் பிறவியிலேயே குறைவு என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றவளின் பத்தியக் குறையும் இல்லை, தாய்ப்பாலின் கோளாறும் இல்லை. இதை ஒவ்வொரு மாமியார் வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கும் எனக்கு!

என் மாமியார் அப்படிப் பழி சொல்கிறவர் இல்லை. அவர்தான் எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த குரு. அய்யம்பாளையத்துக்காரர். மருதாநதி அணைக்குக் கீழே, தோப்பும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். 'அய்யம்பாளையம் நெட்டை' என்று தென்னையில் ஒரு ரகமே அந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது. அத்தை சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஏத்தா, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெயைப் போடு. காஞ்ச தோல்ல போட்டா மேலாக்கதான் நிக்கும்." இதையே டாக்டரும் சொன்னார். குளித்த பிறகு துடைத்து எடுக்காமல், மெத்தென்று ஒற்றிவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் உடம்பு முழுக்கப் பூசிவிட வேண்டும். தோலில் ஏறிய தண்ணீர் ஆவியாகாமல் எண்ணெய் மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் ரகசியம்! இந்த மூன்று நிமிடத்தைப் பிடித்த பிறகுதான் பாப்பாவின் தோலில் மாற்றம் தெரிந்தது. சில வாரங்களில் முழங்கை மடிப்பைத் தொட்டால் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். அத்தை கடை எண்ணெயைப் பிள்ளைக்குத் தொடவிட மாட்டார். முற்றிய தேங்காயாகப் பார்த்து உடைத்து, துருவி, தண்ணீரை அதிகம் விடாமல் கெட்டிப் பாலாகப் பிழிவார். அடிகனத்த இருப்புச் சட்டியில் ஊற்றி விறகடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு, கரண்டியை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார். வெள்ளைப் பால் மெல்ல மெல்லத் திரிந்து கட்டி கட்டியாகும். ஓரத்தில் முதல் சொட்டு எண்ணெய் கண்ணாடி மாதிரி மினுங்கும். தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அடங்கி, கசடு பொன்னிறமாகும் நொடியில் சட்டியை இறக்கிவிட வேண்டும். கறுக்கவிட்டால் எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும். ஆறவிட்டு வெள்ளைத் துணியில் வடித்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால், அந்த மணம்! அடியில் தங்கிய கசட்டில் நாட்டுச் சர்க்கரையைத் தூவி வீட்டுப் பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்னும். பாப்பாவுக்கு எண்ணெய் காய்ச்சும் நாள் என்றாலே திருவிழா.

இதை நான் பாட்டி வைத்தியம் என்று மட்டும் சொல்லிப் பெருமைப்படவில்லை. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயும் இன்னொரு பிரிவுக்கு மினரல் ஆயிலும் 8 வாரம் பூசிப் பார்த்தார்கள். யாருக்கு எந்த எண்ணெய் என்பது பூசியவர்களுக்கும் தெரியாது, பரிசோதித்த டாக்டர்களுக்கும் தெரியாது. 2014-ல் முடிவு வந்தது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண், தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் 68 சதவீதம் குறைந்தது. மினரல் ஆயில் பிரிவில் 38 சதவீதம். தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலத்துக்குக் கிருமிகளை அடக்கும் குணமும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது லேசானது முதல் நடுத்தரம் வரையிலான எக்ஸிமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடுமையாக இருந்தால் எண்ணெய் மட்டும் போதாது.

எந்த எண்ணெயும் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஆலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதால் உயர்ந்தது என்று நினைத்து வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் குப்பி குப்பியாக அனுப்புவார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013-ல் வெளிவந்த ஆய்வு, ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துகிறது என்று காட்டிவிட்டது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவை நான் சமையலுக்கு வைத்துக்கொண்டேன்.

பூசுவதில் கஞ்சத்தனம் கூடாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் களிம்பு தரச் சொல்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ! நாம் விரல் நுனியில் தொட்டு வைக்கிறோம். கடையில் விற்கும் நல்ல களிம்புக்கு இந்தக் கணக்கில் செலவு செய்தால் மாதச் சம்பளம் தாங்காது. தோப்புத் தேங்காய் என்றால் அள்ளி அள்ளிப் பூசலாம். காலையில் குளித்ததும் ஒரு முறை, மத்தியானம் காய்ந்த இடத்தில் மட்டும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். சூடு பறக்கத் தேய்க்கக் கூடாது. மார்கழியில் சிறுமலைக் காற்று இறங்கும்போது எண்ணெய் குப்பிக்குள் உறைந்துவிடும். உள்ளங்கையில் ஒரு கட்டியை வைத்துத் தேய்த்தால் போதும், உருகிவிடும். அந்த இளஞ்சூட்டோடு முதுகில் தடவும்போது பாப்பா கண்ணை மூடிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே!

கத்திரி வெயிலில் கதை வேறு. வேர்வை, எண்ணெயோடு சேர்ந்தால் வேர்க்குரு கிளம்பும், அரிப்பு கூடும். அப்போது மெல்லிய பூச்சுதான். டாக்டர் எழுதிக்கொடுத்த, பிசுக்கில்லாத வெள்ளைக் களிம்பைப் பகலில் போட்டு, எண்ணெயை இரவுக்கு வைத்துக்கொள்வேன். விளையாடி வந்ததும் நனைத்த துணியால் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் ஒற்றி எடுத்துவிடுவேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆழ்குழாயில் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணி; சுற்று வட்டாரத்தில் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கிக் கெட்டுப்போன கிணறுகளும் உண்டு. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும்தான் நமக்கு நல்ல தண்ணி. பாப்பாவைக் குளிப்பாட்ட அந்த நல்ல தண்ணீரில் அரை வாளி ஒதுக்கிவிடுவேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காததால் கூடப் போடுவோம். போட்ட சோப்பு திட்டாகத் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். அரிப்புக்கு அது போதும். அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தண்ணீரை மென்மையாக்கும் எந்திரம் வாங்க ஓடாதீர்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எந்திரம் வைத்ததால் எக்ஸிமா கூடுதலாகக் குறையவில்லை என்று 2011-ல் முடிவு வந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம், அக்குளுக்கும் அடிப்பகுதிக்கும் மட்டும் மணமில்லாத மென்மையான சோப்பு. அவ்வளவே குளியல். ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றி, பாசிப்பயறு மாவைப் போட்டு உருட்டி உருட்டித் தேய்ப்பது நல்ல தோலுக்குச் சரி. வெடித்த தோலுக்கு அது உப்புத்தாள்தான். போதாக்குறைக்கு, உணவுப் பொருளின் புரதம் புண்ணான தோல் வழியே உள்ளே போனால் பின்னால் அதே பொருள் சாப்பாட்டில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். மஞ்சளும் குப்பைமேனியும் வேப்பிலை அரைப்பும் கசிகிற தோலில் எரியும்; எங்கள் வீட்டில் அவற்றுக்கு அனுமதி கிடையாது. குளித்த பிறகு சாம்பிராணிப் புகையில் காட்டுவதை அத்தையே நிறுத்தினார். "புகை பட்டா பிள்ள மூக்கையும் கண்ணையும் கசக்குது, தோலுக்கு மட்டும் நல்லதாவா இருக்கும்?" என்றார். டாக்டர்களும் புகை, பவுடர், வாசனைத் திரவியம் மூன்றையும் தள்ளி வைக்கத்தான் சொல்கிறார்கள்.

இனி வேட்டி. மாமனாரின் வேட்டி, வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து இழை இளகி, கையில் பிடித்தால் இருப்பதே தெரியாது. அதைக் கிழித்துத்தான் பாப்பாவுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவட்டும் துண்டு எல்லாம். பக்கத்திலேயே காந்திகிராமத்தில் கதர் நெய்கிறார்கள், சின்னாளபட்டியில் சுங்குடி போடுகிறார்கள். புதுத்துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தப் பழசின் மென்மை வராது. பட்டுத் துணி எக்ஸிமாவுக்கு நல்லது என்று வெளிநாடுகளில் தனியாக உடை தைத்து விற்கிறார்கள். இங்கிலாந்தில் 300 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது: வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை. தாத்தா வேட்டி ஜெயித்துவிட்டது!

அரிப்பு கூடிய இரவுகளில் அந்த வேட்டிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. களிம்பைத் தாராளமாகப் பூசி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துண்டை முழங்கையிலும் முழங்காலிலும் தளர்வாகச் சுற்றி, அதன் மேல் உலர்ந்த துண்டு ஒன்றைச் சுற்ற வேண்டும். ஈரம் மெல்லக் காயக் காயத் தோல் குளிர்ந்து அரிப்பு அடங்கும். நகமும் தோலில் படாது. எப்படிச் சுற்றுவது, எந்தக் களிம்பின் மேல் சுற்றலாம் என்று தோல் டாக்டரிடம் நேரில் கற்றுக்கொண்டே செய்ய வேண்டும். சீழ் வைத்த இடத்தில் சுற்றவே கூடாது. பாப்பா இப்போது தானே கையை நீட்டி "தாத்தா வேட்டி கட்டுங்கம்மா" என்று கேட்கிறாள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. நகத்தை ஒட்ட வெட்டி விடுவது. பனியன் கழுத்துப் பட்டியில் குத்தும் லேபிளைக் கத்தரித்துவிடுவது. துணிகளைக் கூட ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுவது. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சரிகைப் பாவாடை வேண்டும் என்று அடம்பிடித்தால், உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டு மேலே அதை உடுத்துவது. என் கணவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. உடம்பெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவார். குளித்து உடை மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்குவார். வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார், பாவம்!

சாப்பாட்டில் எல்லோரும் ஆளுக்கொரு தடை போடுவார்கள். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் பெரியவர்கள் விலக்குவது வழக்கம். அவை இல்லாமல் ஒரு குழந்தை வளர்ந்துவிடும். பாலையும் முட்டையையும் பருப்பையும் நாமாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. வளரும் பிள்ளை சத்துக் குறைந்து இளைத்துவிடும். ஒரு பொருளைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ உதடு வீக்கமோ வந்தால் அது ஒவ்வாமை. டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்து, அதை மட்டும் நிறுத்தினால் போதும். பாப்பா முட்டை சாப்பிடுகிறாள், சிறுமலை வாழைப்பழமும் சாப்பிடுகிறாள்.

சித்த மருத்துவத்தில் கரப்பானுக்கென்றே அறுகம்புல் சேர்த்துக் காய்ச்சும் அறுகன் தைலம் உண்டு. நம் காந்திகிராமத்திலேயே லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கிறது. படித்த சித்த மருத்துவர் பிள்ளையைப் பார்த்துக் கொடுத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் முதலில் உள்முழங்கையில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெயரும் பட்டியலும் இல்லாத டப்பாவில் "மூலிகைக் களிம்பு, ஒரே நாளில் போகும்" என்று யாராவது நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். ஒரே நாளில் போனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கிறதே என்று ஸ்டீராய்டு களிம்புகளை மாதக்கணக்கில் பூசித் தோல் மெலிந்தவர்கள் ஏராளம். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டதே இதனால்தான்.

அதே ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடும்போது பிள்ளைக்குப் பெரிய துணை. எங்கள் டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "நீங்க போடுற எண்ணெயை ஒரு நாளும் நிறுத்தாதீங்கம்மா. சிவந்து தடிக்கும்போது நான் குடுக்குற களிம்பையும் பயப்படாம போடுங்க." எண்ணெயைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்தக் களிம்புக்கு எங்கள் வீட்டில் எப்போதாவதுதான் வேலை வருகிறது. இயற்கை வழியை நேசிக்கிற நான் இதையும் அதே நேசத்தோடு சொல்கிறேன். மஞ்சள் பொருக்கும் சீழும் கட்டினால், காய்ச்சல் வந்தால், திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி வலித்தால், எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியமில்லை.

இந்த ஊக்கத்தில், எக்ஸிமா இல்லாத பிறந்த குழந்தைக்கும் வராமல் தடுக்கத் தினமும் பூசலாமா என்று என் தங்கை கேட்டாள். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவுக்கு முதல் வருடம் முழுக்க ஈரப்பதக் களிம்பு பூசிப் பார்த்த பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. அது நோயைத் தடுக்கவில்லை. வந்த கரப்பானைத் தணிக்கத்தான் இந்த வழி. ஆனால் தணிப்பது என்பது சாதாரணமா? பிள்ளை தூங்குகிறது, தாய் தூங்குகிறாள், வீடே தூங்குகிறது! பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது தானாகவே குறைந்துவிடும் என்பது இன்னொரு ஆறுதல். அதுவரை தோலைக் காப்பாற்றிக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டில், பாப்பாவின் கையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா தன் பிள்ளையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பாப்பா நீட்டிய பலூன் அப்படியே கையில் நின்றது. அங்கன்வாடி ஆசிரியைகளுக்கும், பக்கத்து வீட்டு அக்காக்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: எக்ஸிமா ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டாலும், கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. அந்தப் பிள்ளைகளைத் தூக்குங்கள், மற்ற பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.